சந்தனம் வைத்த கை

இன்று உங்கள் தலைத் திவசம். விடிந்ததும் சமையல்கட்டிலிருந்து சந்தனம் உரசும் வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் கோயில் ஞாபகம் வரும், கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்குக் கோபம் வருகிறது. பதின்மூன்று வருடமாக இப்படித்தான். ஆள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டதே, இனியாவது ஆறிப்போகும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அதனால்தான் வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனபின் இந்தச் சாயங்காலத்தில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது இந்தப் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு புகையிலைக் கிட்டங்கிக்குக் கிளம்பிவிடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்.

சந்தனம் உரசியது உங்கள் தம்பி மனைவி. கூடத்தில் மாட்டியிருந்த உங்கள் படத்தை இறக்கித் துடைத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாள். எந்தப் படம் என்று சொல்ல வேண்டியதில்லை. விமானத்தின் பக்கத்தில் இடது கையில் கிண்ணமும், வலது கையை மேலே உயர்த்தியபடியுமாக நின்று சிரிக்கிறீர்களே, அதுதான். போன வருடம் துட்டிக்கு வந்தவர்கள்கூட, "வானத்தைக் காட்டிக்கிட்டு எப்படி நிக்கிறாரு பாருங்க, போற எடத்தை அப்பவே காட்டிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நீங்கள் வானத்தைக் காட்டவில்லை. அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது அப்போது. திண்டுக்கல்லில் கார் வைத்திருந்த வீடுகளையே விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில், பட்டணத்தில் படிக்கப்போன இடத்தில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டு வந்த நீங்கள், யுத்தத்தில் மிஞ்சிப்போன சின்ன விமானம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, வேடசந்தூர் சாலையில் உங்கள் அப்பாவின் புன்செய்க் காட்டில் இறக்கினீர்கள். ஊர் வாயைப் பிளந்தது. எனக்கு அது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டிச் சாயம் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான். முன்னால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், பின்னால் இரண்டு பெட்டி வைக்கலாம். விரலால் தட்டினால் உறுமி மேளம் கணக்காகச் சத்தம் வரும். இதில் ஏறி ஆக்ரா வரைக்கும் போய்விட்டு வரலாம் என்று நீங்கள் சொன்னபோது, என்னைக் கேலி செய்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

கேலி இல்லை என்று தெரிந்ததும் நான்தான் உங்களைவிட அதிகமாக ஆடினேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கோதாவரி எங்கே உற்பத்தியாகிறது என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் பார்த்ததில்லை. கோடை விடுமுறை முழுவதையும் இதற்கென்று வைத்தோம். கல்யாணமாகி நாலு வருடம், பிள்ளை இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை. வரைபடத்தை ஒட்டி ஒட்டி மடித்து வைத்தேன். உங்கள் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து, கிளம்புமுன் சரிபார்க்க வேண்டியவற்றை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதினேன். பதினேழு வரி. நான் படிக்க வேண்டும், நீங்கள் அந்தந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பார்த்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டைச் சொன்னவரும் நீங்களேதான்.

பதினோராவது வரி இது: "இறக்கைக்கு அடியில் உள்ள குழாய் - உறை எடுத்தாயிற்றா, வாய் திறந்திருக்கிறதா." சுண்டுவிரல் மொத்தத்தில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாய். காற்று அதன் வாய் வழியாக நுழைந்தால்தான் உள்ளே வேகத்தைக் காட்டும் முள் அசையும். வேகம் தெரியாவிட்டால் இறங்கும்போது ஆபத்து, மெதுவாகப் போனால் விமானம் கல்லாக விழும் என்று எனக்குச் சொல்லித்தந்ததும் நீங்கள்தான்.

கிளம்பிய காலை நினைவிருக்கிறதா? சாமி கும்பிடாமல் ஒரு மாட்டுவண்டிகூடப் புதிதாகக் கிளம்பாத ஊர் இது, விமானம் கிளம்ப விட்டுவிடுவார்களா. பூசணிக்காய் வந்தது. சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வந்தது. கிட்டங்கி ஆட்கள் அத்தனை பேரும் குளித்து விபூதி பூசி வந்து நின்றார்கள். ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தை என் கையில் கொடுத்தார்கள். மூக்கிலும், விசிறியின் இரண்டு இதழ்களிலும், கதவிலும், சக்கரங்களிலும் நான் பொட்டு வைத்தேன். குங்குமமும் வைத்தேன். பிறகு கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, பின்னால் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்ட உள்ளே ஏறிவிட்டேன்.

வெளியே போட்டோ ஸ்டூடியோக்காரர் உங்களை நிறுத்தித் திருப்பிக்கொண்டிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து நோட்டைப் பிரித்துப் படித்தேன். பத்து வரி வரைக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது. பதினோராவது வரிக்குப் பதில் இல்லை. இன்னொரு தடவை படித்தேன்.

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. செத்த நேரம் சும்மா இரு, படம் எடுக்காங்கல்ல" என்றீர்கள்.

நான் அடுத்த வரிக்குப் போனேன். அந்த ஒரு இடத்தில் எட்டிப் பார்க்காமல் போனதற்கு என் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

காட்டில் ஓட ஆரம்பித்ததுமே முள் படுத்துக்கிடந்தது. நகத்தால் கண்ணாடியைச் சுண்டினீர்கள். "முள்ளு அசையலயே" என்றேன். "அசையும்" என்றீர்கள். நிறுத்தியிருக்கலாம், எதிரே இன்னும் பாதிக் காடு கிடந்தது. ஆனால் வரப்பு ஓரத்தில் ஊர் நின்றுகொண்டிருந்தது. உங்கள் அப்பா நின்றுகொண்டிருந்தார். கிளம்பின வேகத்தில் நின்றுபோனால் நாளைக்கு டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று நீங்கள் நினைத்தது எனக்கு உங்கள் தாடையிலேயே தெரிந்தது. வேலியோரப் பனைமரத்துக்கு மேலே ஏறிவிட்டோம்.

திருச்சி வரைக்கும் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போனோம். அய்யலூரில் அன்று சந்தை, ஆடுகள் கொட்டிவைத்த மொச்சைப்பயறு அளவுக்குத் தெரிந்தன. நான் கை தட்டினேன். உங்கள் கழுத்து வியர்வை சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. திருச்சியில் இறங்கும்போது மெதுவாகிவிடுமோ என்ற பயத்தில் வேகமாகவே கொண்டுபோனீர்கள். தரையில் அடித்து எழும்பியது, மறுபடி அடித்தது, மறுபடி எழும்பியது. என் தலை மேலே இடித்தது. ஓடுபாதை முடிந்து, புல்லில் ஓடி, கம்பிவேலியின் ஓரத்தில் போய் நின்றோம். வாலுக்குக் கீழே உள்ள சின்னச் சக்கரம் பிய்ந்துபோயிருந்தது. கொஞ்சம் பிசகியிருந்தால் அன்றைக்கே நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே திவசமாகப் போட்டிருப்பார்கள்.

மெக்கானிக் வந்து பார்த்தார். குழாயின் வாயில் தீக்குச்சியை விட்டுக் குடைந்தார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் தட்டி முகர்ந்துவிட்டு, "யாருங்க பூசை போட்டது?" என்று கேட்டார்.

நீங்கள் மோவாயால் என்னைக் காட்டினீர்கள். "வீட்டுல பக்தி ஜாஸ்தி" என்றீர்கள்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கெல்லாம் பொட்டு வைத்தேன் என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். மூக்கு, விசிறி, கதவு, சக்கரம். குழாயில் வைத்ததாக ஞாபகமே இல்லை. ஆனால் கிண்ணம் என் கையில்தானே இருந்தது. சந்தோஷத்தில் கை எங்கே போனதோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். சக்கரம் மாட்டுகிற மூன்று நாளும் விடுதி அறையில் அழுதேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைக் கொல்லப் பார்த்தேனே" என்று சொன்னேன். நீங்கள் என் தலையைத் தடவிக்கொடுத்து, "விடு, தெரியாம செஞ்சதுதான" என்றீர்கள். என்னை மன்னித்தீர்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அதற்குப் பிறகு பட்டணம், பெஜவாடா, நாகபுரி என்று போனோம். வெயில் ஏறினால் விமானம் தூக்கித் தூக்கிப் போடும் என்பதால் விடியும்போதே கிளம்பிவிடுவோம். ஒவ்வொரு காலையும் நான் நோட்டைப் பிரிக்குமுன்பே நீங்கள் நேரே அந்தக் குழாயிடம் போய்விடுவீர்கள். தொடுவீர்கள், குனிந்து வாய்க்குள் பார்ப்பீர்கள். நான் செய்த தப்புக்கு இவர் எவ்வளவு பொறுமையாகப் பரிகாரம் செய்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். வெட்கம் கெட்டவள் நான்.

கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக நடந்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். பெஜவாடாவை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். கோதாவரி கோடையில் வற்றி, மணலுக்கு நடுவே மூன்று நாலு வாய்க்காலாகப் பிரிந்து கிடந்தது. வரைபடத்தில் நீலக் கோடாகவே பார்த்தவளுக்கு அது மணலாக இருக்கிறதே என்று தோன்றிய நேரத்தில், "பிடி" என்றீர்கள். எனக்கு முன்னாலும் ஒரு பிடி இருந்தது. பிடித்தேன். நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். முதலில் மூக்கு மேலே போனது, பிறகு கீழே போனது. "இறுக்காத. கோழிக்குஞ்சைப் பிடிச்ச மாதிரி பிடி" என்றீர்கள். இரண்டே நிமிடத்தில் அது நேராக வந்துவிட்டது. நான் திருப்பினால் திரும்பியது. நான் சமன் செய்தால் சமனானது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் ஓட்டினேன். அந்த நாற்பது நிமிடம் எனக்கு ஆக்ராவைவிடப் பெரிது.

"ஏய், ஒனக்குக் கை நல்லா இருக்குடி" என்றீர்கள். உங்கள் குரலில் வஞ்சனை இல்லை. "ஊருக்குப் போனதும் பட்டணத்துல நான் பழகுன கிளப்புல சேத்துவிடுறேன். நீயே ஓட்டலாம்" என்றீர்கள். தாஜ்மகாலைச் சுற்றி வந்ததைவிட, திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் நான் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஊரில் மாலை மரியாதை. வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டு உங்களைப் பேசச் சொன்னார்கள். நான் ஆக்ராவில் வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கோதாவரியைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் சொன்னது இதுதான்: "விமானத்துக்கும் சளி பிடிக்கும்னு எங்க வீட்டம்மா புண்ணியத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். மூக்குல சந்தனத்தை அப்பிட்டாங்க, மூச்சு விட முடியாம திருச்சியில போயி விழுந்துச்சு." கட்டடம் குலுங்கச் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். தப்பு என்னுடையது என்றுதானே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறந்தபோது எனக்குச் சந்தன டீச்சர் என்று பேர் வைத்தாகிவிட்டது. அந்தப் பேர் இன்னும் போகவில்லை.

பிறகுதான் படம் வந்தது. ஸ்டூடியோக்காரர் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, அன்பளிப்பு என்று கொண்டுவந்து கொடுத்தார். நான் பிரித்துப் பார்த்தேன். கிண்ணம் உங்கள் இடது கையில். உயர்த்திய வலது கையின் ஆள்காட்டி விரல், இறக்கைக்கு அடியில், அந்தக் குழாயின் வாயில். விரலுக்கும் குழாய்க்கும் நடுவே வெள்ளையாக ஒரு சொட்டுச் சந்தனம்கூடத் தெரிந்தது. ஸ்டூடியோக்காரர் பெருமையாக, "நாந்தான் சார்கிட்ட ஒரு பொட்டு வைங்கன்னு சொன்னேன். கை ஒசந்தா படத்துக்கு ஒரு களை வரும்ல" என்றார்.

அவர் போனதும் கேட்டேன். "இது ஒங்க விரல்தானங்க?"

"ஆமா."

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"திருச்சியிலேயே தெரியும். அந்தாளு தீக்குச்சிய விட்டப்பவே ஞாபகம் வந்துருச்சு."

நான் அழுத மூன்று நாளும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொன்னேன். குரலை உயர்த்தாமல் நீங்கள் ஒரு விளக்கம் கொடுத்தீர்கள். ஒரு எழுத்துக்கூட நான் மறக்கவில்லை. "நீ வச்சன்னா சிரிப்பாங்க, மறந்துருவாங்க. ஓட்டுறவனே அடைச்சான்னு தெரிஞ்சா எவன் என்னய மதிப்பான்? எங்கப்பாவே நாளைக்கு விமானத்தை வித்துப்புட்டு வான்னுருவாரு. ஒனக்கு இதுல என்ன போச்சு?"

எனக்கு என்ன போச்சு என்று மறு வாரமே தெரிந்துவிட்டது. கிளப்பில் சேருகிற படிவத்தை வரவழைத்து நிரப்பி, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். உங்கள் அப்பா பக்கத்தில் இருந்தார். "சந்தனம் வச்சே ஒரு விமானத்தைச் சாச்ச கை. சொந்தமா ஓட்டுனா ஊரு தாங்காதும்மா" என்று சிரித்தார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் போனபின் என்னிடம், "இப்ப வேணாம். கிளப்பு வரைக்கும் கதை போயிருக்கு, சிரிப்பாங்க" என்றீர்கள்.

"சிரிக்க வச்சது யாரு?" என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

இரண்டு வருடத்தில் மகள் பிறந்தாள். அதற்கடுத்த வருடம் விமானத்தை விற்று, இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள். கதையை மட்டும் விற்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த வீட்டுக்குப் போனாலும் பந்தியில் அதை எடுத்துவிடுவீர்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போடுவேன். கடைசியில் நீங்கள் ஒரு வழிக்கு வந்தீர்கள். "பிள்ளை கொஞ்சம் பெருசாகட்டும். நடந்தது இதுதான்னு நானே அவகிட்டச் சொல்லிப்புடுறேன். ஊருக்குச் சொல்லாட்டியும் அவளுக்குச் சொல்லுறேன்" என்றீர்கள். ஊரை நான் விட்டுவிட்டேன். அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தேன். போன வருடம் கிட்டங்கியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். சொல்லவில்லை.

இன்று மத்தியானம் பந்தியில் உங்கள் தம்பி ஆரம்பித்தார். "அண்ணன் ஒரு கதை சொல்லுவாரு பாருங்க" என்று. உங்கள் குரலில், உங்கள் மாதிரியே கையை ஆட்டிக்கொண்டு, சளி, மூக்கு, சந்தனம் எல்லாம் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா போனதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த உங்கள் மகளும் இன்றைக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "நீ எல்லாத்துலயும் அப்படித்தாம்மா, அவசரக்குடுக்கை" என்றாள்.

நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன். "அந்தச் சந்தனத்தை நான் வைக்கல. ஒங்க அண்ணன்தான் வச்சாரு" என்றேன்.

"என்ன மதினி, வெளையாடுறீகளா?" என்றார் உங்கள் தம்பி.

"படத்துல வெரலு எங்க இருக்குன்னு எந்திரிச்சுப் போயிப் பாருங்க. அது வானம் இல்ல. நீங்க சொன்ன மூக்கு அதுதான்."

யாரும் எழுந்திருக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்கள். உங்கள் தம்பி தணிந்த குரலில், "செத்தவுகளப் பத்தி இன்னைக்கு எதுக்கு மதினி இதெல்லாம். இன்னைக்குத்தானா நாள் கெடச்சது?" என்றார். இதே கூடத்தில் என்னைப் பற்றிச் சிரிக்க இன்றைக்கு நாள் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன்.

மகள் எழுந்து போனாள். எச்சில் கையோடு படத்தின் முன் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். எல்லாரும் போனபின் என்னிடம் வந்தாள். அப்பா ஏன் பொய் சொன்னார் என்று கேட்பாள், பதிலுக்கு என்ன சொல்வது என்று தயாராக இருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அந்த விமானத்தை நீ ஓட்டிருக்கியாம்மா?"

"நாப்பது நிமிஷம். கோதாவரிக்கு மேல."

"அப்பா என்ன சொன்னாரு?"

"கை நல்லா இருக்குன்னாரு."

அதை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். உங்களைப் பற்றிய நல்ல வார்த்தையாகவும் அது அவளிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதற்கு நீங்கள் எனக்குக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நிரப்பிய படிவத்தை அதற்குள்தான் வைத்திருக்கிறேன், உங்கள் கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது. "பார்த்தாச்சு" என்கிற வார்த்தையை நான் பொருளைத் தொடாமல் சொல்வதில்லை. அடுப்பானாலும் சரி, வாசல் தாழ்ப்பாளானாலும் சரி. எந்தப் பிடியைப் பிடித்தாலும் முதலில் இறுக்குகிறேன், பிறகு உங்கள் கோழிக்குஞ்சு ஞாபகம் வந்து தளர்த்துகிறேன். இது இரண்டும் போகமாட்டேன் என்கிறது.

காலையில் உங்கள் தம்பி மனைவி படத்தில் உங்கள் நெற்றிக்குச் சந்தனம் வைத்திருந்தாள். இப்போது ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டேன். கிண்ணத்தில் மிச்சம் காய்ந்து கிடந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, படத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, உங்கள் விரல் நுனியில், அந்தக் குழாயின் வாயில், ஒரு பொட்டு வைத்தேன். குனிந்து பார்த்தேன். வாய் அடைந்திருந்தது. அந்தக் குழாயில் என் கையால் வைத்த சந்தனம் இது ஒன்றுதான்.